டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு: பராமரிப்பு

டயரில் காற்று இறங்கினால் டேஷ்போர்டில் விளக்கெரித்து எச்சரிக்கும் அமைப்பு இது. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்தபின், அமெரிக்கா 2000-இல் சட்டம் இயற்றியது. அதன்படி அங்கு 2008 மாடல் முதல் புதிய கார்களில் இந்த அமைப்பு கட்டாயம்.

அங்குள்ள விதிப்படி, குறித்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். 32 பிஎஸ்ஐ வேண்டிய டயர் 24 வரை இறங்கும்வரை அது பேசாமலே இருக்கலாம். அதனால் மாதம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்ப்பதை விடவே கூடாது.

அழுத்தத்தை அளக்கும் சென்சார் சக்கரத்துக்குள் வால்வோடு இணைந்திருக்கும். பேட்டரி பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டு உழைக்கும். உள்ளேயே வைத்து மூடப்பட்டிருப்பதால், தீர்ந்தால் சென்சாரையே மாற்றவேண்டும். பழைய சென்சாரை டயர் மாற்றும்போதே மாற்றுவது புத்திசாலித்தனம், கழற்றும் கூலி மிச்சம்.

டயரைக் கழற்றும்போதெல்லாம் வால்வின் ரப்பர் சீல், நட்டு, உள்ஊசி, மூடி நான்கும் புதிதாகப் போடவேண்டும். அலுமினிய வால்வில் நிக்கல் பூசிய ஊசிதான் சரி. வெறும் பித்தளை ஊசி, பனிக்காலச் சாலையில் தூவும் உப்புநீர் பட்டு அரித்து இறுகிவிடும். பலமாகத் திருகினால் வால்வே முறியும்.

விளக்கு ஒரு நிமிடம்போல மின்னிவிட்டு நிலையாக எரிந்தால், கோளாறு டயரில் அல்ல, அமைப்பில்தான்.

சென்சாரே இல்லாத வகை, ஏபிஎஸ் தரும் சக்கர வேகத்தை வைத்துக் கணிக்கிறது. இதில் காற்றைச் சரியாக நிரப்பிய பிறகே ரீசெட் செய்யவேண்டும்; முந்தினால் குறைந்த அழுத்தத்தையே சரியென்று பதிந்துகொள்ளும்.