காப்பிக்கு வெந்நீர்: விரைவின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில், என் தாயார் மாயவரத்திலிருந்து முதன்முறையாகப் புது டில்லிக்கு வந்து என்னோடு தங்கியிருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து, பில்டரில் காப்பிப் பொடியை இட்டு, அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதன் அருகிலேயே நின்றிருப்பார். "இந்த ஊர்த் தண்ணீருக்குச் சோம்பல் அதிகமடா. காயவே மாட்டேன் என்கிறது" என்பது அவர் நாள்தோறும் கூறிய புகார். நான் நகைத்தேன். ஆயினும் சிந்தித்துப் பார்த்தபோது புகார் முற்றிலும் நியாயமானதென்று தெரிந்தது. மாயவரத்தில் குழாய் நீர் ஏறத்தாழ 28 டிகிரிச் சூட்டிலேயே நம் கைக்கு வருகிறது. டில்லியின் கடுங்குளிரில் அது 10 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. டிகாக்ஷனுக்கு 95 டிகிரி வேண்டுமென்று கொண்டால், அங்கே 67 டிகிரி ஏறினால் போதும். இங்கே 85 டிகிரி ஏறவேண்டும். நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே வேலை மிகுதி. சோம்பல் நீருடையதன்று, அது புறப்படும் இடம் தொலைவாகிவிட்டது.

அம்மாவின் சிரமத்தைக் குறைக்க எண்ணி, மின்சாரத்தால் இயங்கும் காப்பிச் சாதனம் ஒன்றை வாங்கி வந்தேன். உடன் வந்த குறிப்பேட்டில் 'உடனடி வெந்நீர்' என்று அச்சிட்டிருந்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இத்தகைய சொற்கள் எளிதில் செரிப்பதில்லை. 'உடனடி' என்பது மெய்தானா? மெய்யாயின், பானையில் மணிக்கணக்காய் நீர் காய்ச்சிய மனித குலம் இந்த விரைவை எவ்வாறு எய்தியது? இவ்வினாக்களின் விடையைத் தேடிச் சென்றபோது கண்ட வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் நீரின் இயல்பை அறிந்துகொள்வோம். ஒரு கிராம் நீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 ஜூல் வெப்பம் தேவை. இரும்போ செம்போ இதில் சிறு பங்கு வெப்பத்தைப் பெற்றே சூடேறிவிடும். அன்றாடம் நாம் கையாளும் பொருள்களுள் நீரைப்போல் வெப்பத்தை விழுங்குவது அரிது. அது மட்டுமன்று. கொதிநிலையை எட்டிய பின்னும் நீர் உடனே ஆவியாகிவிடுவதில்லை. ஆவியாவதற்கு மேலும் பெருமளவு வெப்பத்தை அது கேட்கிறது. பனிக்கட்டி நிலையிலிருந்து கொதிநிலை வரையில் நீரைச் சூடேற்ற ஆகும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் இது. 1760-களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியர் இந்த உண்மையைச் சோதித்து அறிந்தார். சூட்டுமானியில் தோன்றாமல் மறைந்து நிற்பதால் அதனை உள்ளுறை வெப்பம் என்கிறோம்.

நீர் கேட்கும் இந்தக் கணக்கில் ஒரு ஜூலும் குறைத்துக் கொடுக்க எவராலும் இயலாது. அன்றும் இயலவில்லை, இன்றும் இயலவில்லை. அவ்வாறாயின் விரைவு எங்கிருந்து வந்தது? இரண்டு வழிகளில் வந்தது. நெருப்புக்கும் நீருக்கும் இடையிலிருந்த தூரத்தை மனிதன் குறைத்தான் என்பது ஒன்று. நீரைச் சிறு சிறு கூறாகப் பிரித்துச் சூடேற்றக் கற்றான் என்பது மற்றொன்று.

முதல் வழி மிகப் பழைமையானது. திறந்த அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும் பகுதி பாத்திரத்தைத் தொடாமலே காற்றோடு போய்விடுகிறது. இதற்கு மாற்றாக, நெருப்பை நீரின் நடுவிலேயே வைத்தால் என்ன என்று சிந்தித்தவர்கள் பல நாடுகளில் இருந்திருக்கிறார்கள். ரஷ்யரின் சமோவாரிலும், காஷ்மீரத்துச் சமோவாரிலும் நடுக்குழாயில் கரி எரிகிறது; அதனைச் சூழ்ந்து நீர் நிற்கிறது. நம் வீடுகளின் குளியலறையில் இருந்த செப்புப் பாய்லரும் இதே அமைப்புத்தான். நெருப்பு தப்பிச் செல்ல வேண்டுமாயினும் நீரைத் தழுவியே செல்லவேண்டும்.

இந்தச் சிக்கனத்தை ஒரு சாஸ்திரமாகவே ஆராய்ந்தவர் ரம்போர்டு பிரபு. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸில் 1753-ஆம் ஆண்டு பிறந்து, ஜெர்மனியின் பவேரியா அரசில் பணிபுரிந்தவர். மியூனிக் நகரின் ஆயுதச் சாலையில் பீரங்கிக் குழல்களைத் துளையிடும்போது உலோகம் கொதிப்பதை அவர் கண்டார். துளையிடப்படும் உலோகத்தைச் சுற்றி நீரை நிரப்பி, குதிரைகளைக் கொண்டு அவ்வுலோகத்தைச் சுழற்றச் செய்தார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல், நீர் கொதித்தது. சூழ நின்றோர் வியப்பில் ஆழ்ந்தனர். வெப்பம் என்பது ஒரு திரவமன்று, இயக்கத்தின் விளைவே என்று 1798-ஆம் ஆண்டு அவர் எடுத்துரைத்தார். அதே அறிஞர் மூடிய சமையல் அடுப்புகளையும் வகுத்தார். 1812-ஆம் ஆண்டில் காப்பியைப் பற்றியே தனிக் கட்டுரை ஒன்றும் வரைந்தார். காப்பி இறங்கும் நேரம் முழுவதும் சூடு குன்றாதிருக்க வேண்டும் என்பதற்காக, பாத்திரத்தைச் சுற்றி வெந்நீர் உறை அமைக்கும் முறையை அதில் விளக்கினார். பீரங்கியையும் காப்பியையும் ஒரே கண்ணால் நோக்கியவர் அவர்.

இரண்டாம் வழியின் தொடக்கத்தைப் பர்க்கொலேட்டர் என்னும் பாத்திரத்தில் காணலாம். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தவரான ஹான்ஸன் குட்ரிச் என்பவர் 1889-ஆம் ஆண்டில் அடுப்பில் வைக்கும் பர்க்கொலேட்டருக்குக் காப்புரிமை பெற்றார். பாத்திரத்தின் நடுவே ஒரு மெல்லிய குழாய் நிற்கும். அதன் அடிப்பகுதி கவிழ்த்த கிண்ணம் போன்று விரிந்திருக்கும். கிண்ணத்தினுள் அகப்பட்ட சிறிதளவு நீர் முதலில் கொதிக்கும். எழும் குமிழிகள் அந்நீரைக் குழாய் வழியே மேலே தள்ளும். அது காப்பிப் பொடியின் மீது விழுந்து கீழே வடியும். பானை நீர் முழுவதும் கொதிக்கும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. பிற்காலத்து மின்சாரப் பர்க்கொலேட்டர்கள் இதனை மேலும் திருத்தி, அடியில் சிறு குழியொன்றை அமைத்து, அங்கே மட்டும் வெப்பத்தைச் செலுத்தின. ஆனால் இதில் ஒரு குறை இருந்தது. இறங்கிய காப்பியே மீண்டும் மீண்டும் மேலேறிப் பொடியில் விழுந்தமையால் கசப்பு மிகுந்தது. இத்தாலியில் 1933-ஆம் ஆண்டு அல்போன்ஸோ பியாலெத்தி வெளியிட்ட 'மோக்கா' பாத்திரம் இக்குறையை நீக்கியது. அதன் அடியிலுள்ள சிறு மூடிய அறையில் நீர் சூடேறுகிறது. உள்ளே பெருகும் ஆவியின் அழுத்தம் அந்நீரைப் பொடியின் ஊடே ஒரே முறை மேலே செலுத்துகிறது.

மின்சாரம் இவ்வரலாற்றில் எவ்வாறு புகுந்தது என்பதையும் கூறவேண்டும். கம்பியில் மின்னோட்டம் பாயும்போது பிறக்கும் வெப்பத்தின் விதியை 1840-ஆம் ஆண்டையொட்டிக் கண்டவர் ஜேம்ஸ் ஜூல். மதுவடிக்கும் ஆலைக்கு உரிமையாளரான ஓர் ஆங்கிலேயரின் மைந்தர் அவர். ஆனால் விதி தெரிந்தும் வீட்டுச் சாதனங்கள் நெடுங்காலம் செழிக்கவில்லை. சிவக்கக் காய்ந்த கம்பிகள் காற்றுப் பட்டு விரைவில் எரிந்து அற்றுப்போயின. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து ஓர் உலோகக் கலவையைச் செய்து 1906-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதுவே நிக்ரோம். சிவந்த சூட்டிலும் அது நீண்ட நாள் உழைத்தது. தொடக்க கால மின்சாரக் கெட்டில்களில் கம்பி நீருக்கு வெளியே, அடிப்புறத்துத் தனியறையில் இருந்தமையால் வெப்பம் மெல்லவே ஏறியது. 1922-ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகரின் பொறியாளர் லெஸ்லி லார்ஜ், உலோகக் குழலினுள் பொதிந்த கம்பியை நீருக்குள்ளேயே மூழ்க வைத்தார். சமோவாரின் நடுவிலிருந்த கரித்தணல் இப்போது மின்கம்பியாய் உருமாறியது.

இவ்விரு வழிகளும் ஒன்றாய்க் கலந்த இடமே இன்றைய வீட்டுக் காப்பிச் சாதனம். ஜெர்மனியில் காட்லோப் விட்மன் என்பவர் 1954-ஆம் ஆண்டில் 'விகோமாட்' என்னும் சாதனத்துக்குக் காப்புரிமை பெற்றார். தம் பெயரின் எழுத்துகளையே அதற்குச் சூட்டினார். அமெரிக்காவில் கிளீவ்லாந்து வட்டாரத்தைச் சேர்ந்த வின்சென்ட் மரோட்டா, சாமுவேல் கிளேஸர் என்னும் இருவர் 1972-ஆம் ஆண்டில் 'மிஸ்டர் காபி' என்னும் சாதனத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ விளம்பரங்களில் தோன்றி அதனை வீடுதோறும் அறியச் செய்தார்.

இத்தகைய சாதனத்தின் அடித்தட்டைத் திறந்து பார்த்தால் நமக்கு வியப்பே உண்டாகும். உள்ளே பெரிய கொதிகலன் எதுவும் இல்லை. நீரைத் தள்ளும் மோட்டாரும் பெரும்பாலானவற்றில் இல்லை. குதிரை லாடம்போல் வளைந்த ஓர் அலுமினியக் குழாயும், அதனோடு ஒட்டிப் பிணைந்த வெப்பக் கம்பியுமே உள்ளன. தொட்டியின் குளிர்நீர் ஒருவழி அடைப்பான் ஒன்றின் வழியாகக் குழாயில் இறங்குகிறது. குழாயில் தங்குவது சில தேக்கரண்டி நீரே. ஆகையால் அது விரைவில் கொதிக்கிறது. எழும் ஆவிக் குமிழிகள், பின்னே செல்ல வழியின்றி, வெந்நீரைச் சுமந்துகொண்டு மேலேறிப் பொடியின்மீது தூவுகின்றன. இங்கே ஆவியாவது மிகச் சிறு பகுதியே. பிளாக் கண்ட அந்தப் பெருஞ்செலவு இதனால் தவிர்க்கப்படுகிறது. ஆவி இங்கே சுமை கூலி. சுமக்கப்படும் வெந்நீரே நமக்கு வேண்டிய பொருள். தொட்டி வறண்டதும் குழாயின் சூடு ஏறும். உடனே, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். அதுவும் தவறினால் அளவு மீறிய சூட்டில் உருகும் பியூஸ் ஒன்று காவலாக நிற்கிறது.

பிற்காலத்தில் வந்த சாதனங்கள் சிலவற்றில், குழாய்க்குப் பதிலாகக் கனத்த உலோகக் கட்டி ஒன்றை முதலில் சூடேற்றி வைத்து, அதனூடே செல்லும் வளைந்த வாய்க்காலில் நீரைப் பம்பினால் செலுத்துகிறார்கள். நீர் ஒருபுறம் குளிர்ந்து நுழைந்து மறுபுறம் வெந்நீராய் வெளிவருகிறது. தத்துவம் ஒன்றே.

இப்போது கணக்கிடுவோம். சாதனம் 1000 வாட் ஆற்றல் உடையதென்று கொள்வோம். வெப்பம் சிறிதும் வீணாகாவிடினும், டில்லியின் 10 டிகிரி நீரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 மில்லிலிட்டரையே அதனால் 95 டிகிரிக்கு உயர்த்த முடியும். ஒரு கோப்பை அளவு வெந்நீர் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு லிட்டருக்கு ஆறு நிமிடம் ஆகவே ஆகும். அதே ஆற்றலுள்ள கெட்டிலுக்கும் ஆறு நிமிடமே ஆகும். முதல் சொட்டு முந்துகிறது. கடைசிச் சொட்டு முந்துவதில்லை.

என் தாயார் இதனைக் கணக்குப் போடாமலே கண்டுகொண்டார். சாதனத்தை முதல் நாள் இயக்கியபோது சுவர்க் கடிகாரத்தையே நோக்கிக்கொண்டிருந்தார். "வருவதென்னவோ சீக்கிரம் வந்தது. முடிவதற்கு நம் அடுப்புக்கு ஆகிற நேரம் ஆகிறதே" என்றார். காப்பியும் அவருக்கு நீர்த்ததாகவே பட்டது. நம் டிகாக்ஷனின் செறிவு அதில் இல்லை. தோல்வி என்றே நான் எண்ணினேன். ஆனால் மூன்றாம் நாள் விடியலில் எழுந்து வந்து பார்த்தபோது, சாதனத்தில் பொடி இல்லாமல் வெறும் நீரை ஊற்றி இயக்கிவிட்டு, உள்ளே கம்பளியைப் போர்த்தி அமர்ந்து, கண்மூடித் தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கிய வெந்நீரைச் சற்று நேரம் கழித்து வந்து தம் பித்தளைப் பில்டரில் ஊற்றிக்கொண்டார். அடுப்பைக் காவல் காக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமற்போயிற்று. எத்தனையோ ஆண்டுகள், விடியலின் அந்தப் பொழுதை அடுப்பு முன் நின்றே கழித்தவர் அவர் என்பது அன்றுதான் என் உள்ளத்தில் தைத்தது.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வரலாறு சில நடைமுறைப் பாடங்களையும் தருகிறது. தேவையான அளவு நீரை மட்டும் அளந்து காய்ச்சுவதே விரைவுக்கு முதல் வழி. அடுத்து, வட இந்தியச் சமவெளியில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது. சூடேறும்போது அதிலுள்ள சுண்ணாம்பு உப்பு குழாயில் படிகிறது. அப்படிவின் வெப்பங்கடத்தும் திறன் அலுமினியத்தினுடையதில் நூற்றில் ஒரு பங்கு அளவே. சாதனம் நாளுக்கு நாள் தாமதித்தால், எலுமிச்சைச் சத்தான சிட்ரிக் அமிலத்தை நீரில் கரைத்து ஒருமுறை ஓடவிட்டு, பின்னர் நல்ல நீரால் இருமுறை கழுவினால் பெரும்பாலும் சீராகும். மூன்றாவது எச்சரிக்கை மின்சாரத்தைப் பற்றியது. விளக்குக்கு உரிய 6 ஆம்பியர் துளைப்பெட்டி 230 வோல்ட்டில் 1380 வாட் வரையிலுமே தாங்கும். நான் இந்நகருக்கு வந்த புதிதில், வாடகை அறையில் இதனை அறியாமல் 1500 வாட் கெட்டிலைச் செருகி, பனிக்காலை ஒன்றில் அம்மாடி முழுவதையும் இருளில் ஆழ்த்தியவன். காப்பியும் கிடைக்கவில்லை, வீட்டுக்காரரின் நல்லெண்ணமும் சில வாரங்கள் கிடைக்கவில்லை.

பின்னொரு நாள், அலுவலகத்தில் மின்சாதனக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கும் பணி எனக்கு வாய்த்தது. அதிலும் அதே 'உடனடி' குறுக்கிட்டது. சற்று நேரம் எழுதுகோலை நிறுத்தினேன். பின்னர் 'காவல் நிற்காமலே கிடைக்கும் வெந்நீர்' என்று எழுதினேன். மேலதிகாரி அதனை அடித்துவிட்டு 'உடனடி' என்றே திருத்தினார். அவர் திருத்தம் அச்சேறியது. ஆயினும் என் தாயார் அறிந்த பொருள் முன்னதே.