யூத மரபில் துக்க அனுசரிப்பு

நெருங்கிய உறவினரை இழந்த யூதர்கள் கடைப்பிடிக்கும் சமய விதிகளும் வழக்கங்களும் யூதத் துக்க அனுசரிப்பு எனப்படும். தாய், தந்தை, வாழ்க்கைத்துணை, மகன், மகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்காக இதை அனுசரிப்பது கட்டாயம். இவ்விதிகளில் பல, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதின் மோஏத் காத்தான் பகுதியில் விவாதிக்கப்பட்டுள்ளன. பின்னர் 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்ஹான் ஆரூக் என்ற சட்டநூல் இவற்றை வரிசைப்படுத்தியது. துக்கத்தில் இருப்பவரை மனம் தேறும்படி இம்மரபு அவசரப்படுத்துவதில்லை. முதலில் அழவிடுகிறது, பிறகு நாள்கணக்கு வைத்து, அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மற்ற மனிதர்களிடம் திருப்பி அழைத்து வருகிறது.

இறப்புக்கும் அடக்கத்துக்கும் இடைப்பட்ட நேரம் அனினூத். நாளுக்கு மூன்று வேளை தொழுகை விதித்த சமயம், இந்நேரத்தில் துக்கப்படுபவரைத் தொழுகையிலிருந்து விடுவித்துவிடுகிறது. மரணத்தின் முன் மனிதனுக்கு வரும் விரக்திக்குச் சட்டமே இடம் தருகிறது என்று 20ஆம் நூற்றாண்டு ரபி ஜோசப் சோலவெய்ச்சிக் இதற்கு விளக்கம் சொன்னார். இம்மரபின் ஆழமான பகுதி இதுவே. அடக்கம் இயன்றவரை விரைவில் நடக்கும். ஹெவ்ரா கதீஷா எனும் தன்னார்வக் குழுவினர் உடலைக் குளிப்பாட்டி, எளிய வெள்ளைத் துணி உடுத்துவார்கள். ஏழை, பணக்காரர் எல்லோருக்கும் அதே துணிதான். அந்தச் சமத்துவத்தைத் தொடங்கிவைத்தவர் பண்டைய யூத அறிஞர் ரபான் கமலியேல் என்கிறது தல்மூத். நெருங்கிய உறவினர் தம் மேலாடையைக் கிழித்துக்கொள்வர்; பெற்றோருக்காக என்றால் இதயம் இருக்கும் இடப்பக்கம்.

அடக்கத்துக்குப் பின் ஏழு நாள் ஷிவா. முதல் வேளை உணவைத் துக்க வீட்டார் தம் வீட்டுச் சமையலிலிருந்து உண்ணக் கூடாது. அண்டை வீட்டார் முட்டையும் பயறும் சமைத்துக் கொண்டுவருவார்கள். வீட்டார் தாழ்ந்த முக்காலியில் அமர்வர். தோல் காலணி அணிவதில்லை, சவரம் செய்வதில்லை. கண்ணாடிகளை மூடிவைப்பது பரவலான வழக்கம். தோரா எனும் யூத மறைநூலைப் படிப்பது மகிழ்ச்சி தரும் செயல் என்பதால் அதுவும் விலக்கு. விவிலியத்தின் யோபு, புலம்பல் போன்ற துயர நூல்களுக்கு மட்டும் அனுமதி உண்டு. துக்கம் விசாரிக்க வருவோருக்கும் விதி உண்டு. துக்கப்படுபவர் வாய் திறக்கும் வரை அவர்கள் பேசக் கூடாது. யோபு நூலில், துயருற்ற யோபின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்ததைத் தல்மூத் இதற்கு ஆதாரமாகக் கொள்கிறது. ஆறுதல் என்ற பெயரில் சொல்லப்படும் பொருந்தாத சொற்களிலிருந்து இந்த ஒரு விதி எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும். இடையில் சபாத் எனும் வாராந்திர ஓய்வுநாள் வந்தால் வெளிப்படையான துக்க அடையாளங்கள் நிறுத்திவைக்கப்படும். பெருநாள் வந்தால் ஷிவாவே முடிந்துவிடும். ஊரின் மகிழ்ச்சி ஒருவரின் துயரத்துக்கு முன்னிற்கிறது.

அடக்க நாளிலிருந்து முப்பது நாள் வரை ஷெலோஷிம். ஷிவா முடிந்ததும் வேலைக்குத் திரும்பலாம், ஆனால் கொண்டாட்டங்களும் சவரமும் விலக்கு. மற்ற உறவினருக்கு இத்துடன் துக்கம் முடியும். பெற்றோருக்குப் பன்னிரண்டு மாதம். அதில் பதினொரு மாதம் பிள்ளைகள் காதிஷ் சொல்வது வழக்கம். பெரும்பகுதி அரமேய மொழியில் அமைந்த இப்பிரார்த்தனையில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. முழுக்கக் கடவுளின் புகழ்ச்சியும் அமைதிக்கான வேண்டுதலும்தான். துக்கப்படுவோர் இதைச் சொல்லும் வழக்கம் இடைக்கால ஜெர்மனியில் வேரூன்றியது. 1096இல் ரைன் நதிக்கரை நகரங்களில் சிலுவைப்போர்க் கும்பல்கள் யூதர்களைக் கொன்று குவித்த துயரத்தோடு ஆய்வாளர்கள் பலர் இதைத் தொடர்புபடுத்துகின்றனர்.

காதிஷைத் தனியாகச் சொல்ல முடியாது. மின்யான் எனப்படும் பத்துப் பேர் கூடினால்தான் சொல்லலாம். ஆகவே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க விரும்புபவரும் நாள்தோறும் எழுந்து தொழுகைக்கூடத்துக்குப் போயாக வேண்டும். அங்கே அவருக்காக மற்றவர்கள் வந்து நிற்பார்கள். துயரத்திலிருந்து மீள இம்மரபு தரும் உறுதியான துணை இந்தக் கூட்டம்தான். மரபுப்படி காதிஷ் சொல்வது ஆண்களின் கடமையாக இருந்தது. 1916இல் தாயை இழந்த அமெரிக்க யூதத் தலைவர் ஹென்ரியெட்டா சோல்டுக்கு ஆண் உடன்பிறப்பு இல்லை. குடும்ப நண்பர் ஒருவர் அவருக்குப் பதிலாகக் காதிஷ் சொல்ல முன்வந்தபோது, நன்றி கூறி மறுத்து, தானே சொல்வதாகக் கடிதம் எழுதினார். இன்று சீர்திருத்தச் சபைகளிலும் பெரும்பாலான கன்சர்வேட்டிவ் சபைகளிலும் பெண்கள் மின்யானில் எண்ணப்படுகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் எண்ணப்படுவதில்லை என்றாலும், சிலவற்றில் பெண்கள் காதிஷ் சொல்ல இடமுண்டு.