நீதிபதியின் கைகளைக் கட்டிய சட்டம்



ஆறாம் ஆண்டு வகுப்பில் திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, நீதிபதி நினைத்தால் தூக்குத் தண்டனையைக் குறைக்க முடியுமா?" என்று வினவினார். "இப்பொழுது முடியும், முன்பு முடியாது" என்றேன். அந்த 'முன்பு' என்ன என்பதை இங்கு எழுதி வைக்கிறேன்.

மலேசியாவின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 1952ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கலாம் என்னும் திருத்தம் 1975இல் வந்தது. 1983இல் போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அரசு அறிவித்தது. அவ்வாண்டே 'விதிக்கலாம்' என்பது 'விதித்தே ஆக வேண்டும்' என மாறியது.

15 கிராம் ஹெராயின் அல்லது 200 கிராம் கஞ்சா ஒருவரிடம் இருந்தால் அவர் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும். அவ்வனுமானத்தை முறியடிக்க வேண்டியது குற்றஞ்சாட்டப்பட்டவரின் பொறுப்பு. 15 கிராம் என்பது ஏறக்குறைய நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை. குற்றம் உறுதியானபின், அவர் கூட்டத்தின் தலைவரா, கூலிக்குப் பொட்டலம் சுமந்தவரா என்று நீதிபதி எடைபோட அப்பொழுது இடமிருக்கவில்லை.

அதே 1983இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஆயுள் கைதி கொலை புரிந்தால் மரணமே தண்டனை என்ற 303ஆம் பிரிவை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. ஒரே ஆண்டில் இரு நாடுகள் எதிரெதிர்த் திசையில் நடந்தன.

இங்கே மாற்றம் மெல்ல வந்தது. 2018 மார்ச்சில் நடப்புக்கு வந்த திருத்தம், போதைப்பொருள் வழக்குகளில் கடும் நிபந்தனைகளோடு சிறு கதவைத் திறந்தது. 2023 ஏப்ரலில் மக்களவையும் மேலவையும் கட்டாய மரண தண்டனையை நீக்கும் மசோதாவை ஏற்றன. எதிர்பார்த்த பலனை மரண தண்டனை தரவில்லை என்று அன்றைய சட்டத் துறைத் துணையமைச்சர் ராம் கர்ப்பால் சிங் குறிப்பிட்டார். அவருடைய தந்தை, மறைந்த வழக்கறிஞர் கர்ப்பால் சிங், தூக்குமேடையை எதிர்நோக்கிய பலருக்காக வாதாடியவர்.

சட்டம் 2023 ஜூலை 4இல் நடப்புக்கு வந்தது. மரண தண்டனை ஒழிந்துவிடவில்லை. கொலைக் குற்றத்துக்கு அதை விதிக்கலாம். அல்லது 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் 12க்குக் குறையாத பிரம்படியும் விதிக்கலாம். முன்னர்த் தண்டிக்கப்பட்டோர் கூட்டரசு நீதிமன்றத்தில் மறு ஆய்வு கோரவும் வழி பிறந்தது. அதன்வழி நூற்றுக்கணக்கானோர் தூக்கிலிருந்து மீண்டனர்.

கொலையுண்டவரின் குடும்பத்தார்க்கு இது எளிதில் ஏற்கத்தக்கதன்று. அவர்தம் துயரை நாம் மறத்தலாகாது. ஆயினும் செங்கோன்மை அதிகாரத்தைப் பாருங்கள். கொடியவரைத் தண்டிப்பது பயிரில் களை பறிப்பதற்கு ஒப்பானது என்பது அதன் இறுதிக் குறளின் கருத்து. ஆராய்ந்து தீர்ப்பளிப்பதே முறை என்பதையோ வள்ளுவர் முதற்குறளிலேயே வைத்துவிட்டார். களை எது, பயிர் எது என்று பார்த்த பின்னரே கை நீள வேண்டும். நாற்பது ஆண்டுகள் பார்க்க மட்டுமே நீதிபதிக்கு உரிமை இருந்தது. இன்று பார்த்ததற்கேற்பத் தீர்ப்பளிக்கவும் உரிமை உண்டு.