கண்ணுக்குத் தெரியாத கயிறு

தாய்நாட்டில் பட்டினி கிடப்பதினும் கடல் கடந்து உழைப்பதே மேல் எனத் துணிந்த வாலிபன், கப்பலேறிய அன்றே விடுதலை பெற்றவனாகின்றானா? தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் நாம், நம் பாட்டன்மாரின் சரித்திரத்தில் இதற்கு விடை தேடுதல் நலம்.

தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய ஜில்லாக்களில் நிலமின்றியும், ஜாதியின் பெயரால் தாழ்த்தப்பட்டும் கிடந்த குடும்பங்களின் பிள்ளைகளே நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குக் கரையில் இறங்கினர். முதலில் வந்தோர் ஒப்பந்தத்தில் கட்டுண்ட சஞ்சிக்கூலிகள். ஒப்பந்தத்தை மீறினால் சிறை. இம்முறையில் ஆள் கொணர்வது 1910-ல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே, 1907-ல், முதலாளிமாரிடம் வரி தண்டி ஒரு குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. அதிலிருந்தே கப்பற் கட்டணம் கொடுக்கப்பட்டமையால், தொழிலாளி கடனின்றிக் கரையிறங்கினான். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டு விலகும் உரிமையும் அவனுக்குச் சட்டத்தில் இருந்தது.

ஆயின் கயிறு அறுந்ததா? இல்லை, கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று, அவ்வளவே. அவனை அழைத்து வந்த கங்காணி அயலான் அல்லன். சொந்த ஊரான், பலவிடத்து உறவினன். ஆள் சேர்த்ததற்குத் தரகு பெற்றான். தன் ஆட்கள் பிரட்டுக்கு வந்து வேலை செய்த நாளுக்கெல்லாம் தலைக்காசும் பெற்றான். ஆள் போனால் காசு போயிற்று. ஆதலின் கைமாற்றுக் கொடுத்தும், கலியாணத்துக்கு உதவியும் தன் ஆட்களைத் தன்னிடமே நிறுத்திக் கொண்டான். சம்பளத்தில் எஞ்சியதைக் கள்ளுக்கடை கொண்டு போயிற்று. சட்டம் கதவைத் திறந்தது மெய். கங்காணியோ வாசலில் உட்கார்ந்திருந்தான்.

பஹாங்கு மலைநாட்டை நோக்குவோம். 1885-ல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவைக்காரர் கண்டறிந்த அம்மலைகளில், 1929-ல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. 1931-ல் தாப்பாவிலிருந்து பாதை முடிந்தது. காடழித்த கைகளிலும் கொழுந்து கிள்ளிய விரல்களிலும் தமிழருடையவை அநேகம். அக்காலமோ உலக மந்தத்தின் காலம். ஆணுக்கு 50 சென்ட்டாக இருந்த நாட்கூலி 40 ஆகவும், பெண்ணுக்கு 40 ஆக இருந்தது 32 ஆகவும் இறங்கின. ரப்பர் விலை வீழவே, இலட்சத்திற்கு மேற்பட்டோர் திருப்பியனுப்பப்பட்டனர். வேண்டும்போது அழைக்கவும், வேண்டாதபோது அனுப்பவும் உரிய பண்டமாகவே மனிதன் மதிக்கப்பட்டான். 1938-ல் இந்திய சர்க்கார் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடுத்த பின்னரே ஆள்கட்டும் தொழில் ஓய்ந்தது.

முதலாளியையும் கங்காணியையும் மட்டும் குறை கூறி அமைதல் நேர்மையன்று. கடலைக் கடந்த நாம் ஜாதியைக் கடந்தோமில்லை. லயங்களிலும் மேல் கீழ் வகுத்து வைத்தோம். 1923-ம் வருஷத்துத் தொழிற்சட்டம், 7 முதல் 14 வயதுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டுமென விதித்தது. அப்பள்ளிகள் பல பெயரளவிலேயே நடந்தன. எனினும், தன் சம்பளக் கணக்கைத் தானே வாசிக்கக் கற்ற பிள்ளையிடம் கங்காணியின் அதிகாரம் குன்றிற்று. கயிற்றை அறுத்தது கப்பலன்று, எழுத்தே.

இன்று திரிங்காப்பின் காய்கறித் தோட்டங்களையும் சுற்றியுள்ள தேயிலைச் சரிவுகளையும் பாருங்கள். வங்காள தேசம், நேப்பாளம், இந்தோனேசியா, மியான்மர் ஆகிய நாடுகளின் வாலிபர்கள் அங்கே குனிந்து நிற்கின்றனர். நம் பாட்டன் கடனின்றியேனும் கரையிறங்கினான். இவர்களிற் பலர் ஏஜெண்டுக்குப் பெருங்கடன் பட்டன்றோ வருகின்றனர்! கங்காணி பெயர் மாற்றிக் கொண்டான், கயிறு மாறவில்லை. அவர்களை ‘அந்நியர்’ என்று இகழும் தமிழன் தன் பாட்டனையே இகழ்கின்றான். அவர்களுடைய சம்பளச் சீட்டை வாசித்துச் சொல்லவும், நியாயம் கேட்குமிடத்தைக் காட்டவும் முன்வருவோனே தன் குலத்தின் சரித்திரத்தை மெய்யாகப் படித்தவனாவான்.