நாற்பது பேருக்கு எவ்வளவு?

குளிர்ந்த மாட்டிறைச்சித் துண்டங்கள் இரண்டு, வறுத்த கோழி நான்கு, வாத்து இரண்டு, நடுத்தர அளவில் சிங்கி இறால் ஆறு, லெட்யூஸ் கீரை பதினெட்டுக் கட்டு, வெள்ளரிக்காய் ஆறு. நாற்பது பேர் வெளியூர்ப் புல்வெளியில் கூடி உண்பதற்கு இசபெல்லா பீட்டன் போட்டுத் தந்த பட்டியலில் ஒரு பகுதி இது. பாட்டில் திறக்கும் திருகாணி மூன்று வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கிறார். ஒன்று தொலைந்தால் விருந்து நின்றுவிடக் கூடாதல்லவா?

லண்டனில் பத்திரிகை நடத்திய கணவருக்காகச் சமையல் குறிப்பு எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. 1859 முதல் 24 மாதப் பகுதிகளாக வந்தவை 1861-இல் ஒரே நூலாயின. முதல் ஆண்டிலேயே 60,000 பிரதிகள் விற்றன. 28 வயதில் அவர் இறந்துபோனார். குறிப்புகளில் பல அவருடைய சொந்தச் சரக்கல்ல. 1845-இல் வெளிவந்த எலைசா ஆக்டனின் நூலிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார். பொருள்களின் அளவைத் தனியாகப் பிரித்து எழுதும் வழக்கத்தை நிலைநாட்டியவர் ஆக்டன்தான். அந்தப் புகழ் அவருக்கே சேர வேண்டும். ஆனால் பீட்டன் சேர்த்தது சிறிய காரியமில்லை. என்ன செலவாகும், எந்தப் பருவத்தில் கிடைக்கும், எத்தனை பேருக்குப் போதும் என்பதைக் குறிப்புக்குக் குறிப்பு எழுதினார். விருந்து வைப்பவருக்கு ருசியைவிட முதலில் வரும் கவலை இந்தக் கடைசிக் கேள்விதான்.

அன்றைய இங்கிலாந்தில் பரிமாறும் முறையும் மாறிக்கொண்டிருந்தது. அதுவரை எல்லாப் பதார்த்தங்களையும் ஒரே சமயத்தில் மேசையில் பரப்புவார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பணியாளர் கொண்டுவந்து பரிமாறும் ரஷ்யப் பாணி பிறகு வந்தது. அதற்கு ஆள்பலம் வேண்டும். நடன விருந்துகளில் மட்டும் பழைய முறை விடாமல் நீடித்தது. குளிர்காலத்தில் அறுபது பேருக்கும், கோடையில் எழுபது எண்பது பேருக்கும் மேசையில் எதை வைப்பது என்று பீட்டன் தனித்தனியே பட்டியல் கொடுத்திருக்கிறார். இன்றைய பஃபே மேசைக்கு அவை நெருங்கிய உறவு.

இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு நடுத்தர வீடுகளில் சமையலாள், பணிப்பெண் என்று யாரும் மிஞ்சவில்லை. விருந்துக்கு அழைத்தவளே சமைக்க வேண்டும், அவளே சிரித்த முகத்தோடு வரவேற்கவும் வேண்டும். அவளுக்குத் தேவைப்பட்டது வேறு வகைப் புத்தகம்: முந்தின நாளே எதைச் செய்து வைக்கலாம், ஆறினாலும் எது கெடாது, நின்றபடி முள்கரண்டி ஒன்றால் எதைச் சாப்பிட முடியும் என்று சொல்லும் புத்தகம்.

அந்தப் புத்தகத்துக்கு வழி காட்டியது ஓர் அரச விருந்து. 1953 ஜூன் 2, இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு நாள். வெளிநாட்டு விருந்தினர் சுமார் 350 பேருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி மண்டபத்தில் மதிய உணவு. பொறுப்பு மலர் அலங்காரக் கலைஞர் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையிடமும், கார்டான் ப்ளூ சமையல் பள்ளி நடத்திய ரோஸ்மேரி ஹ்யூமிடமும் வந்தது. சமையலறையோ மிகச் சிறியது. இறைச்சியும் வெண்ணெயும் இன்னும் ரேஷனில். கோழிக்கு ரேஷன் இல்லை. ஆனால் அது அன்று ஆடம்பரப் பண்டம்.

ஹ்யூம் கோழியை வேகவைத்து ஆறவிட்டு, எலும்பு நீக்கினார். வெங்காயத்தை வதக்கிக் கறித்தூள் சேர்த்து, தக்காளி விழுதும் சிவப்பு ஒயினும் விட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினார். அதை மயோனைஸ், பாதாமி விழுது, அடித்த க்ரீம் ஆகியவற்றோடு கலந்தார். பக்கத்தில் பட்டாணியும் வெள்ளரியும் சேர்த்த ஆறிய சாதம். இங்கிலாந்துக்குக் கறித்தூள் புதிதல்ல. 1784-லேயே லண்டன் கடை ஒன்று அதற்கு விளம்பரம் கொடுத்திருக்கிறது. இங்கே அது வாசனைக்கு மட்டும், காரத்துக்கு அல்ல. விருந்தினர் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள் என்றாலும், ஓர் இல்லத்தரசி தன் வீட்டு பஃபேக்குக் கேட்பதெல்லாம் இந்த ஒரே பதார்த்தத்தில் இருந்தது. ‘கொரோனேஷன் சிக்கன்’ என்ற பெயரில் அது நிலைத்தது. 1956-இல் இருவரும் சேர்ந்து எழுதிய ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட ‘கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை குக்கரி புக்’ அதை வீடுவீடாகக் கொண்டுபோனது.

அதே காலத்தில் சென்னையில் மீனாட்சி அம்மாள் ஆழாக்குக் கணக்கில் ‘சமைத்துப் பார்’ எழுதினார். முதல் பாகம் 1951-இல் வந்தது. அருகில் நின்று சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் இல்லாத வீட்டில் தனியே அடுப்பை மூட்டும் பெண்தான் அவருக்கும் வாசகி. இரு நூல்களுக்கும் தொடர்பு ஏதுமில்லை, ஆனால் இரண்டும் தீர்த்துவைத்த தவிப்பு ஒன்றே.

ஹ்யூமின் கோழி பிறகு சாண்ட்விச் கடைகளில் உலர்திராட்சை தூவிய மஞ்சள் கலவையாக உருமாறிவிட்டது. மூலக் குறிப்பில் திராட்சையே கிடையாது. 2023-இல் மூன்றாம் சார்ல்ஸ் முடிசூடியபோது, தெருவே கூடி உண்ணும் விருந்துகளுக்காக அரண்மனை முட்டைக் கலவை ஊற்றிச் சுடும் ‘கீஷ்’ ஒன்றின் குறிப்பை வெளியிட்டது. பசலையும் அகன்ற அவரையும் சேர்ந்தது. சூடாகவும் ஆறியும் சாப்பிடலாம். தேர்வு நல்ல தேர்வுதான். ஆனால் தந்த அளவு 20 செ.மீ. தட்டு ஒன்றுக்கு, ஆறு பேருக்கு. தெரு முழுவதற்கும் எத்தனை தட்டு என்பதை அவரவரே பெருக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.