நகரத்தார் மலையில் ஒரு மிதிவண்டித் தடம்

நார்த்தாமலை என்ற பெயருக்குள்ளேயே ஒரு நெடுவழி ஒளிந்திருக்கிறது. 'நகரத்தார் மலை' என்பதே நாளடைவில் இவ்வாறு மருவிற்று என்பர் அறிஞர். இங்கு நகரத்தார் என்போர் இடைக்காலக் கல்வெட்டுகள் பேசும் வணிகக் குழுவினர். 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என நாடு கடந்து வணிகம் செய்த பெருங்குழுவோடும் இவ்வூருக்குத் தொடர்பு உண்டு. சோழர் காலத்தில் 'தெலுங்ககுலகாலபுரம்' என்ற பெயருடன் வணிக நகரமாக விளங்கிய இடம் இது. ஆகவே, நார்த்தாமலையின் வரலாறு கோயில்களின் வரலாறு மட்டுமன்று. பயணம் செய்தவர்களின் வரலாறும் ஆகும்.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. இவ்வழிகளில் பயணம் செய்யும் உரிமை யாருக்கு இருந்தது? திருச்சிராப்பள்ளியிலிருந்து இராமேசுவரம் வரை மிதிவண்டியில் சென்ற நம் குழுவினருக்கு, இரண்டாம் நாள் முழுவதும் துணைவந்தது இக்கேள்விதான். பேராசிரியர்களும் மாணவ மாணவியருமாகப் பன்னிருவர் சென்றோம்.

கீரனூரிலிருந்து விடியலில் புறப்பட்டோம். கொல்லிமலை, நீலகிரி போன்ற வளைந்தேறும் மலைப்பாதைகள் இங்கில்லை. செம்மண் சமவெளியில் யானைகள் படுத்திருப்பது போன்ற மொட்டைப் பாறைக் குன்றுகள். அவற்றுக்கிடையே ஏறி இறங்கும் சாலை. மேலமலை, கடம்பர் மலை, ஆளுருட்டி மலை, பொம்மமலை எனக் குன்றுக்கொரு பெயர் உண்டு. வண்டிகளை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மேலமலையின் வழுவழுப்பான சரிவில் நடந்தேறினோம். பாறை சுடத் தொடங்குமுன் ஏறிவிடுவது நல்லது என்பதை இனிச் செல்வோர் நினைவிற் கொள்க!

மேலே மேற்கு நோக்கி நிற்கிறது விசயாலய சோழீச்சுரம். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறையோ வட்டம். தமிழகத்துக் கற்றளிகளில் அரிதாகக் காணும் அமைப்பு இது. பெயர் சோழ வேந்தனுக்கு உரியதாயினும், கல்வெட்டு வேறு செய்தி சொல்கிறது. இளங்கோவதியரையன் என்னும் சாத்தன் பூதி எடுப்பித்த கற்றளி மழையில் சிதைய, மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான் என்பதே அச்செய்தி. கட்டியவன் முத்தரையர் குலத்தவன், பெயரோ சோழனுக்கு! வரலாற்றில் உழைப்பு ஒருவருடையதாகவும் பெயர் வேறொருவருடையதாகவும் அமைவது புதிதன்று போலும்.

கோயிலுக்கு எதிரே பாறைச் சரிவில் இரண்டு குடைவரைகள். பெரியதன் பெயர் பதினெண்பூமி விண்ணகரம். அதில் ஏறத்தாழ ஆளுயரத்தில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. 'பதினெண்பூமி' என்ற பெயரே வணிகக் குழுவை நினைவூட்டுவது. சிறியது பழியிலி ஈச்சுரம். பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, இங்கே உண்டு. விடேல்விடுகு முத்தரையர் மகன் சாத்தன் பழியிலி இக்குடைவரையை அகழ்ந்தான் என்றும், அவன் மகள் பழியிலி சிறியநங்கை முகமண்டபம் முதலியவற்றை எடுப்பித்தாள் என்றும் அது கூறுகிறது.

சிறியநங்கை! இம்மலையில் நம்மைப் பெரிதும் நிறுத்தி வைத்த பெயர் இதுதான். மண்டபம் எடுக்கும் வளம் அவளுக்கு இருந்தது. கல்லில் பெயர் பொறிக்கும் தகுதியும் இருந்தது. ஆயினும் இன்னார் மகள், இன்னார் மனைவி என்றே கல்வெட்டு அவளை நமக்கு அறிமுகம் செய்கிறது. அரசகுலத்து நங்கைக்கே இந்நிலையெனில், இக்குன்றுகளின் அடியில் களையெடுத்தும் கல்லுடைத்தும் வாழ்ந்த பெண்களின் பெயர்களைத் தேடி எங்கே செல்வது?

விடை கீழே, சாலையில் காத்திருந்தது. நண்பகலில் புதுக்கோட்டைச் சாலைக்குத் திரும்பி ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். அறுபதைக் கடந்த அம்மா ஒருவர் எம் மாணவியின் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "பார்ல துண்டச் சுத்திப் புள்ளைய ஒக்கார வச்சு ஓட்டுனவதான் நானு" என்றார் சிரித்தபடி. எப்போது கற்றீர்கள் என்று கேட்டோம். "அறிவொளியில" என்ற ஒற்றைச் சொல்லே விடையாக வந்தது.

அச்சொல்லுக்குப் பின்னே ஒரு பெரும் வரலாறு இருக்கிறது, நண்பர்களே. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். பெண்கள் வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடாயிற்று. வயல் வேலை செய்வோர், கல்லுடைப்போர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், ஆசிரியைகள் எனப் பலரும் கற்றனர். கேலிக்கும் வசைக்கும் குறைவில்லை. பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள 'பார்' குழந்தையை அமர்த்த உதவியதால், அதையே விரும்பியவர்களும் உண்டு.

1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி பறக்க, மணியொலித்துப் புதுக்கோட்டை நகருக்குள் மிதிவண்டிகளில் அணிவகுத்தனர். இதழாளர் பி. சாய்நாத் இதை நேரில் ஆராய்ந்து எழுதினார். கிராமப்புறப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டக் கற்றனர் என்பதும், 70,000 பேருக்கு மேல் பொது இடங்களில் ஓட்டிக் காட்டினர் என்பதும் அவர் தரும் கணக்கு. 1996இல் வெளியான அவரது நூலிலும் இது இடம்பெற்றது. வட இந்தியச் சிறார் பல ஆண்டுகள் தங்கள் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றிப் படித்தனர். நம் மாணவியர் எத்தனை பேர் இதை அறிவர்?

மிதிவண்டியால் என்ன மாறிவிடும் என்று கேட்போர் உண்டு. பேருந்துக்காகவும், அழைத்துச் செல்லத் தந்தையோ கணவனோ வருவதற்காகவும் காத்திருந்த பொழுது மிச்சமாயிற்று. தண்ணீர்க் குடமும் விளைபொருளும் வண்டியேறின. அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி சூசன் ஆன்டனி, பெண் விடுதலைக்கு உலகில் வேறெதையும்விட மிதிவண்டியே மிகுதியாக உதவியது என்ற கருத்தை 1896லேயே கூறினார். பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கியபின் உயர்நிலைப் பள்ளிகளில் பெண்களின் சேர்க்கை கணிசமாக உயர்ந்ததைப் பொருளியல் ஆய்வும் காட்டியுள்ளது. வழி திறந்தால் கல்வி திறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இயக்கத்தின் வேகம் பின்னாளில் தணிந்தது உண்மையே. கற்ற எழுத்தைப் பலர் மறந்திருக்கவும் கூடும். ஆனால் ஓட்டக் கற்ற கால்கள் மறப்பதில்லை. தாயார் ஓட்டிய சாலையில் மகள் பள்ளிக்குச் செல்வதை இன்று எவரும் வியப்பதில்லை. அவ்வியப்பின்மையே அப்பெண்களின் வெற்றி!

ஆயினும் ஒரு கவலை நம்மை விடவில்லை. சாத்தன் பழியிலியின் செயலைக் கல் காத்தது. வணிகரின் பெயரை மலையே சுமக்கிறது. 1992இன் பெண்களுக்குக் கல்வெட்டு இல்லை. அன்று இளம்பெண்களாக இருந்தோர் இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்துவிட்டனர். யார் முதலில் ஓட்டினார், யாரிடம் அடி வாங்கினார், முதன்முதலாகத் தனியே எந்த ஊருக்குச் சென்றார் என்பனவெல்லாம் அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. அவற்றை அவர்தம் சொல்லிலேயே, இன்னார் மகள், இன்னார் மனைவி என்ற அடைமொழியின்றி, அவரவர் பெயரோடு எழுதி வைக்கும் கடமை இம்மாவட்டத்துக் கல்லூரிகளுக்கு உண்டு. கல்வெட்டைப் படியெடுக்கப் பாறை காத்திருக்கும்; மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள்.