வீட்டிலேயே ஜிஞ்சர் பியர்: குறைந்த செலவில் தொடங்குபவர்களுக்கான கையேடு

வீட்டில் பியர் தயாரிப்பது எப்படி என்று இணையத்தில் தேடினால் ஆயிரம் வழிமுறைகள் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டிலிருந்து சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் தயாரிக்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அமெரிக்காவில் அதற்கான சட்டத்தில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். இலங்கையில் நிலைமை வேறு. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். வீட்டுக்குள், சொந்தத் தேவைக்கு என்ற சமாதானம் எடுபடாது. தேவையான மோல்ட் பார்லியும் ஹொப்ஸும் இங்கு விளைவதில்லை என்பதால் செலவும் கட்டுப்படியாகாது.

ஆனால் பியர் என்ற பெயரோடு நம் எல்லோருக்கும் சிறு வயதிலிருந்து பழக்கமான இன்னொரு பானம் இருக்கிறது. கல்யாண வீட்டிலும் பஸ் நிலையக் கடையிலும் குடித்து வளர்ந்த ஜிஞ்சர் பியர்தான் அது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் இஞ்சிச் சுவையும் சீனியும் சேர்த்த நீருக்குள் இயந்திரத்தால் வாயு ஏற்றிய குளிர்பானம். பழைய முறையில் அந்த வாயு நொதித்தலால் தானாக உருவானது. அந்த முறையை ஒரு சமையலறையில், வெற்றுப் போத்தல்களோடும் ஒரு துண்டு இஞ்சியோடும் செய்துபார்க்கலாம். செலவு குறைவு. ஆனால் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. அவற்றை அறியாமல் தொடங்கினால் போத்தல் வெடிக்கலாம், அல்லது குடிக்கக்கூடாத ஒருவர் கையில் அற்ககோல் போய்ச் சேரலாம்.

எங்கிருந்து வந்தது?

ஜிஞ்சர் பியர் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவலான பானம். இஞ்சி, சீனி, நீர் ஆகியவற்றோடு ஒரு ‘உறை’ சேர்த்துப் புளிக்கவைத்து, தடித்த மண் போத்தல்களில் அடைத்தார்கள். ஆங்கிலேயர் போன இடமெல்லாம் அதுவும் போனது.

அந்த உறைக்குள் என்ன இருக்கிறது என்பதை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் ஹரி மார்ஷல் வோர்ட் என்ற தாவரவியலாளர். அவரது ஆய்வு 1892இல் வெளியானது. அது தனி ஓர் உயிரி அல்ல, ஒரு மதுவமும் ஒரு பற்றீரியாவும் கூடி வாழும் கூட்டு என்று அவர் காட்டினார். இதே வோர்ட்தான் 1880களின் தொடக்கத்தில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, மலையகக் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய்ந்தவர். கோப்பி அழிந்து தேயிலை வந்த கதையை அறிந்தவர்களுக்கு அவரது பெயர் புதிதாக இராது.

உள்ளே நடப்பது என்ன?

நொதித்தல் நமக்குப் புதியதல்ல. இரவில் அரைத்துவைத்த தோசை மா காலையில் பொங்குவதும், அப்ப மாவுக்குக் கள்ளு விடுவதும், முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர் கள்ளாகாமல் இனிப்பாக இருப்பதும் ஒரே கதையின் பகுதிகள்தான். மதுவம் சீனியை உண்டு இரண்டு பொருட்களை வெளிவிடுகிறது: ஒன்று காபனீரொட்சைட்டு, மற்றது அற்ககோல். ஒரு கிராம் சீனி முழுமையாகப் புளித்தால் ஏறத்தாழ அரைக் கிராம் வாயுவும் அரைக் கிராம் அற்ககோலும் கிடைக்கும். கூடவே இருக்கும் பற்றீரியாக்கள் இலற்றிக் அமிலத்தை உண்டாக்கி இலேசான புளிப்பைத் தரும்.

கசிப்பை நினைத்துப் பயப்படுபவர்களுக்கு ஒரு விளக்கம். நொதித்தல் வேறு, வடித்தல் வேறு. புளித்த கோடாவைக் காய்ச்சி ஆவியைக் குளிர்வித்து அற்ககோலைச் செறிவாக்குவது வடித்தல். கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணமாவது அதில் கலக்கப்படும் மெதனோல். சீனியை உண்ணும் மதுவம் மெதனோலை உருவாக்குவதில்லை. இஞ்சியும் சீனியும் நீரும் இரண்டு நாள் புளிப்பதில் அந்த ஆபத்து இல்லை. இதில் இருக்கும் ஆபத்துகள் வேறு. அவற்றைக் கீழே பார்ப்போம்.

என்ன வேண்டும்?

இரண்டு லீற்றர் பானத்துக்கு:

- இஞ்சி: உறைக்கு ஏறத்தாழ 75 கிராம், பானத்துக்கு 100 கிராம்
- சீனி: உறைக்கு ஐந்தாறு மேசைக்கரண்டி, பானத்துக்கு 200 கிராம்
- தேசிக்காய்: 3
- வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்று (ஜாம் போத்தல் போதும்), மூடிக்கட்ட மெல்லிய துணி
- சோடா, குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் போத்தல்கள், மூடியோடு
- எவர்சில்வர்ப் பாத்திரம், வடி, புனல்

இஞ்சி வாங்கும்போது நாட்டு இஞ்சியைத் தேடுங்கள். கிழங்கு சிறியது, காரம் அதிகம். பெரிய கிழங்காக வரும் சீன இஞ்சியில் காரம் குறைவு என்பதால் கூடுதலாகப் போட வேண்டிவரும். நமக்குத் தேவையான மதுவம் இஞ்சித் தோலிலேயே இருக்கிறது. எனவே உறைக்குத் தோல் சீவக்கூடாது, மண் போகக் கழுவினால் போதும். இறக்குமதி இஞ்சி சிலவேளை முளைக்காதிருக்கப் பதப்படுத்தப்பட்டிருக்கும். அதில் உறை எழும்பாமல் போகலாம்.

நீரும் முக்கியம். குழாய்நீரில் உள்ள குளோரின் மதுவத்தைக் கொல்லும். கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். கிணற்று நீரானாலும் கொதிக்கவைக்க வேண்டும். ஆனால் கொதிக்கவைப்பதால் கிருமிகள் சாகுமே தவிர உவரோ நைத்திரேற்றோ குறையாது. யாழ்ப்பாணத்தில் இது கவனிக்க வேண்டிய விடயம். நீங்கள் குடிக்காத கிணற்று நீரில் பானமும் செய்யாதீர்கள்.

காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாதவை: விசேட போத்தல்கள், வெப்பமானி, இணையத்தில் விற்கும் ‘ஸ்டார்ட்டர்’ பொதிகள்.

முதல் கட்டம்: உறை

1. ஜாம் போத்தலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கொதிநீர் ஊற்றி அலசிக் காயவிடுங்கள். கண்ணாடி வெடிக்காமலிருக்க முதலில் சுடுநீரால் போத்தலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.
2. கொதித்து ஆறிய நீர் 400 மில்லிலீற்றர், தோலோடு துருவிய இஞ்சி இரண்டு மேசைக்கரண்டி, சீனி இரண்டு மேசைக்கரண்டி. கலக்கித் துணியால் மூடிக் கட்டுங்கள். எறும்பு ஏறாத இடத்தில், வெயில் படாமல் வையுங்கள்.
3. ஒவ்வொரு நாளும் ஒரு மேசைக்கரண்டி இஞ்சியும் ஒரு மேசைக்கரண்டி சீனியும் சேர்த்துக் கலக்குங்கள்.
4. குளிர் நாடுகளில் ஒரு வாரம் எடுப்பது, நமது 28 - 30 பாகை வெப்பத்தில் பொதுவாக மூன்று நான்கு நாட்களில் முடிந்துவிடும். கலக்கும்போது நுரைத்து, காதை அருகில் வைத்தால் சிறிய இரைச்சல் கேட்டால், உறை தயார். நுவரெலியாப் பக்கம் இருப்பவர்கள் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

நல்ல உறையில் இஞ்சியும் இலேசான புளிப்பும் மணக்கும். மேலே பச்சை, கறுப்பு, வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தால், அழுகல் மணம் வந்தால், முழுவதையும் கொட்டுங்கள். மேற்பகுதியை மட்டும் அகற்றிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துவது சிக்கனமாகாது.

உறை செய்யப் பொறுமையில்லாதவர்கள் பாண் சுடப் பயன்படும் உலர் ஈஸ்ட் கால் தேக்கரண்டி போடலாம். வேலை ஒரே நாளில் முடியும், ஆனால் பானத்தில் பாண் மணம் இருக்கும்.

இரண்டாம் கட்டம்: பானம்

1. 100 கிராம் இஞ்சியை நசுக்கி ஒரு லீற்றர் நீரில் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணைத்து 200 கிராம் சீனியைக் கரையுங்கள்.
2. கொதித்து ஆறிய இன்னொரு லீற்றர் நீரைச் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது உறையை ஊற்றினால் மதுவம் செத்துவிடும்.
3. தேசிக்காய்ச் சாறு சேருங்கள். சுவைக்கு மட்டுமல்ல, அமிலத்தன்மை கெட்ட பற்றீரியாக்களைத் தடுக்கும்.
4. உறையிலிருந்து 100 மில்லிலீற்றரை வடித்து ஊற்றிக் கலக்குங்கள்.
5. பிளாஸ்டிக் போத்தல்களில் வடித்து ஊற்றி, மேலே இரண்டு அங்குலம் இடம்விட்டு இறுக மூடுங்கள்.
6. காலையிலும் மாலையிலும் போத்தலை அழுத்திப் பாருங்கள். கடையில் வாங்கிய சோடாப் போத்தல் போலக் கல்லாக இறுகியதும் உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். பொதுவாக ஒன்று அல்லது இரண்டு நாள் எடுக்கும்.

மிஞ்சிய உறைக்கு எடுத்த அளவு நீரும் சிறிது இஞ்சியும் சீனியும் சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, வாரம் ஒருமுறை உணவு கொடுத்தால் அடுத்த முறைக்கு உதவும்.

ஏன் கண்ணாடி வேண்டாம்?

எனது முதல் முயற்சியை அழகான கண்ணாடிப் போத்தல்களில் அடைத்துச் சமையலறைத் தட்டில் வைத்தேன். மூன்றாம் நாள் இரவு ஒன்று வெடித்தது. காலையில் பார்த்தால் எதிர்ச் சுவரடியில் கண்ணாடித் துண்டுகள். அந்த நேரம் அங்கு யாரும் நிற்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

கணக்கு எளிது. ஒரு லீற்றர் பானத்துக்குள் நல்ல வாயு நிற்க ஏறத்தாழ 12 தொடக்கம் 16 கிராம் சீனி புளித்தால் போதும். நாம் போடுவதோ லீற்றருக்கு 100 கிராம். அது முழுவதும் புளித்தால் ஏறத்தாழ 25 லீற்றர் காபனீரொட்சைட்டு உருவாகும். எந்தச் சாதாரணப் போத்தலும் அதைத் தாங்காது. பிளாஸ்டிக் போத்தலில் இரண்டு நன்மைகள்: இறுகுவதைக் கையால் அறியலாம், வெடித்தாலும் கண்ணாடித் துண்டு பறக்காது. குளிர் நொதித்தலை மந்தமாக்குமே தவிர நிறுத்தாது. எனவே ஒரு வாரத்துக்குள் குடித்து முடியுங்கள். நீண்ட மின்வெட்டு வந்தால் மூடியை மெல்லத் திறந்து வாயுவை வெளியேற்றுங்கள். போத்தல் ஊதிப் பெருத்திருந்தால் முகத்தைத் தள்ளி வைத்து, கழுவும் தொட்டிக்குள் வைத்துச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும்.

இதில் அற்ககோல் இருக்கிறதா?

இருக்கிறது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. மேலே சொன்ன 12 - 16 கிராம் சீனி புளிக்கும்போது வாயுவோடு சேர்ந்து ஏறத்தாழ ஒரு சதவீதமோ சற்றுக் குறைவாகவோ அற்ககோலும் உருவாகும். வெளியில் மறந்து வைத்தால் அது ஏறும். லீற்றருக்கு 100 கிராம் சீனி முழுவதும் புளித்தால் ஐந்து, ஆறு சதவீதத்தை எட்டும், அதாவது கடைப் பியரின் அளவு.

எனவே வீட்டுக்கு வருபவர்களுக்கு ‘வெறும் இஞ்சித் தண்ணிதான்’ என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். மார்க்கக் காரணத்துக்காக மதுவைத் தவிர்ப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுவர்கள், குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்கள், சில மருந்துகளை எடுப்பவர்கள் ஆகியோருக்குத் தெரிந்து தீர்மானிக்கும் உரிமை இருக்கிறது. குடியிலிருந்து மீண்ட ஒருவருக்கு அந்த ஒரு சதவீதம்கூடச் சிறிய விடயமல்ல.

அவர்களுக்கு வேறு வழி உண்டு. இரண்டாம் கட்டத்தில் சொன்ன இஞ்சிச் சாற்றை அரை லீற்றர் நீரில் அதே 200 கிராம் சீனியோடு கெட்டியாகக் காய்ச்சி, தேசிக்காய் சேர்த்துக் குளிரவைத்து, குடிக்கும்போது கடைச் சோடாவோடு கலந்தால் போதும். உறை இல்லை, நொதித்தல் இல்லை, அற்ககோல் இல்லை, வெடிப்பும் இல்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்கும் ஒரு குறிப்பு. புளித்தபின்னும் லீற்றருக்கு 85 கிராம் அளவில் சீனி மிஞ்சும். ஒரு 200 மில்லிலீற்றர் கிளாஸில் ஏறத்தாழ 17 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி. வீட்டில் செய்தது என்பதால் மட்டும் அது மருந்தாகிவிடாது.

கோடு எங்கே?

இந்தப் பானத்தில் குளிர்பானத்துக்கும் மதுபானத்துக்கும் இடையில் இருப்பது சில நாட்கள் மட்டும்தான். நாள்கணக்கில் புளிக்கவைத்துப் பலமாக்க முயல்வதும், செய்ததைப் போத்தலில் அடைத்து விற்பதும் மதுவரிச் சட்டத்துக்குள்ளும் உணவுச் சட்டத்துக்குள்ளும் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும். வருமானத்துக்காகச் செய்ய நினைப்பவர்கள் புளிக்கவைக்காத இஞ்சிப் பாகோடு தொடங்குவதும், முதலில் உங்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு பேசுவதும் நல்லது.

முதல் தடவை ஒரு லீற்றருக்கு மேல் செய்யாதீர்கள். எந்த நாள், எந்த நேரம் போத்தலில் அடைத்தீர்கள் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் போத்தலில் ஒட்டுங்கள். இறுகிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை செய்த பிறகு, உங்கள் வீட்டு வெப்பத்தில் எத்தனை மணித்தியாலம் எடுக்கும் என்பதை அந்தக் குறிப்புகளே உங்களுக்குச் சொல்லிவிடும்.